வரவேற்புக் குழுவில் ஒரு வக்கீல்

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்த எழுபத்து நாலாம் வருஷம், திருவள்ளூர் கோர்ட்டில் எல்லோருக்கும் ஒரே குறைதான். எண்கள் மாறிவிட்டன. இருபது முப்பது வருஷம் தொழில் செய்தவர்கள் சட்டப் பிரிவுகளை எண்களாகவே மனத்தில் வைத்திருந்தார்கள். ஜீவனாம்ச வழக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். "நானூத்தி எண்பத்தெட்டு" என்பார்கள், கோர்ட் வாசலில் டீ விற்பவருக்குக்கூடப் புரியும். அது இப்போது நூற்றி இருபத்தைந்து. "இத்தினி வருஷம் கூப்புட்ட பொண்டாட்டி பேர மாத்திட்டு, இனிமே இப்படித்தான் கூப்புடணும்னா வாய்ல வருமா?" என்று என் சீனியர் வக்கீல் சங்க அறையில் அலுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறையில் இருந்த ஒரே பெண் நான்தான் என்பதால், சிரிக்காமல் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

புதிய சட்டப் புத்தகம் ஒரே ஒரு பிரதி மதராசிலிருந்து வந்திருந்தது. அது சீனியரின் பீரோவில் இருந்தது. படிக்க வேண்டுமென்றால் அவர் ஆபீசில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நான் மாலையில் போய் எனக்கு வேண்டிய பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வருவேன். வீட்டில் பால்குடி மாறாத பெண் குழந்தை. ஒரு பாரா எழுதுவதற்குள் அவள் எழுந்திருப்பாளோ, பக்கத்துக் குடித்தனத்து அக்கா அவளுக்குப் பால் பவுடர் கரைக்கும்போது தண்ணீரைக் கொதிக்கவைத்தாரோ இல்லையோ என்று யோசனை ஓடும். அதனால் இரண்டு முறை எழுதிய வரியையே மறுபடி எழுதியிருப்பேன்.

அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குத்தான் எங்கள் சங்கம் ஒரு நாள் சட்டக் கருத்தரங்கு நடத்தத் தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமை, தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மதராசிலிருந்து ஹைகோர்ட்டில் பெயர் பெற்ற ஒரு வக்கீல் வந்து புதிய சட்டத்தைப் பிரிவு பிரிவாக விளக்குவார், கடைசியில் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். பொன்னேரி, திருத்தணி, பூந்தமல்லி வக்கீல்களும் வருவார்கள். செய்தி வந்த அன்று நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. என் சொந்தக் கேள்வி இல்லை.

வேப்பம்பட்டில் ஒரு நெல் மில்லில் வேலை செய்யும் பெண் என்னிடம் வந்திருந்தாள். என்னைவிடச் சில வயது பெரியவள். அவள் புருஷன் லாரி டிரைவர். கல்கத்தா ரோட்டில் ஓட்டுகிறவன். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு பெண்ணோடு பழக்கமாகி, அங்கேயே தங்கிவிட்டான். இவளுக்குக் குழந்தை இல்லை என்பது அவன் சொன்ன காரணம். அவர்கள் ஜாதி வழக்கப்படி பெரியவர்களைக் கூட்டி, பஞ்சாயத்தில் கல்யாணத்தை முறித்து இவளைத் தீர்த்தும் விட்டான். அதற்கு முன்பே நான் இவளுக்காகப் பழைய சட்டப்படி ஜீவனாம்ச மனு போட்டிருந்தேன். பழைய சட்டம் மனைவிக்குத்தான் ஜீவனாம்சம் தரும், தீர்த்து விடப்பட்டவளுக்குத் தராது. எதிர்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார்: இவள் இப்போது மனைவியே இல்லை, மனுவைத் தள்ளுங்கள்.

புதிய சட்டத்திலோ, விவாகரத்தான பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாத வரைக்கும் அவளும் மனைவிதான் என்று ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள். அதை சீனியரின் ஆபீசில் முதன்முதலாகப் படித்தபோது அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். ஆனால் அதே புத்தகத்தின் கடைசியில், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பழைய சட்டப்படியே முடிக்க வேண்டும் என்றும் இருந்தது. அப்படியானால் என்ன செய்வது? பழைய மனு நிலுவையில் இருக்கும்போதே புதிய மனு போடலாமா? போட்டால் இரண்டும் கெட்டுப்போகுமா? புதிய சட்டம் வருவதற்கு முன்பே தீர்த்து விடப்பட்டவளுக்கு அந்த விளக்கம் பொருந்துமா? தப்பாக ஒன்று செய்து, கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போய்விட்டால்? அவளுக்கு மில் கூலியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது, மழைக்காலத்தில் நெல் உலர்த்த முடியாமல் களம் மூடிவிட்டால் அதுவும் இல்லை.

சீனியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாம்மா, கருத்தரங்கு வருதில்ல? அவருகிட்டயே கேட்டுடு. இங்க நான் ஒண்ணு சொல்லி, அங்க அவரு ஒண்ணு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். வழக்கின் வாய்தாவும் கருத்தரங்குக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்து விழுந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன், மெட்ராஸ்லேருந்து பெரிய வக்கீல் வருகிறார், கேட்டுவிட்டுச் செய்வோம் என்று. சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீடு போய்ச் சேருவதற்குள் தோன்றிவிட்டது.

கருத்தரங்குக்கான குழுக்களைப் பிரிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். விழா மலர் வெளியிடுவதற்கு ஒரு குழு, நிதிக்கு ஒரு குழு, சாப்பாட்டுக்கு ஒரு குழு. சாப்பாட்டுக் குழுவுக்குத் தலைவர், என் வழக்கில் எதிர்தரப்பு வக்கீல்தான். வடைகறியா, உருளைக்கிழங்கு போண்டாவா என்பதை நேரமெடுத்து விவாதித்தார்கள். யாரும் எந்தப் பிரிவை எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று பேசவில்லை. நான் கடைசி வரை காத்திருந்து, ஜீவனாம்சத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். "எல்லாம் வரும்மா" என்றார் சீனியர். பிறகு, வரவேற்புக் குழு என்று எழுதி அதன் கீழே என் பெயரை மட்டும் எழுதினார்.

எங்கள் பக்கத்தில் எந்த விசேஷமானாலும் வாசலில் பெண்கள் நின்று சந்தனம், குங்குமம், கற்கண்டு கொடுத்துப் பன்னீர் தெளிக்க வேண்டும். வக்கீல்கள் கருத்தரங்கானாலும் கல்யாண மண்டபம் கல்யாண மண்டபம்தானே. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. காலையில் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெள்ளைப் புடவையும் கோட்டும் போட்டு வருகிறேன் என்றேன்.

எதிர்தரப்பு வக்கீல்தான் அதற்குப் பதில் சொன்னார். "கறுப்புக் கோட்டப் போட்டுக்கினு பன்னீர் தெளிச்சா, கல்யாண வாசல்ல போலீஸ் நின்னா மாதிரி இருக்கும்மா. நல்லதா ஒரு பட்டுப் பொடவ கட்டிக்கினு வா."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்கு, ஒரு புடவைக்காகச் சண்டை போட்டால் ஜீவனாம்சத்துக்கு நேரம் கேட்டதும் சேர்ந்து அடிபட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் என் கணவர், கூட்டுறவு வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை குழந்தையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். மத்தியானம் ஒரு தடவை மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது, நான் பால் கொடுத்து அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. "ஒரு நாளைக்குத்தானே" என்று நானே நாலு தடவை சொன்னேன். "நீ யாருக்குச் சொல்ற, எனக்கா, கொழந்தைக்கா?" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். மேஜையில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும். சட்டையில் குத்திக்கொள்ளும் ரிப்பன் வைத்த பேட்ஜுகளும் ஒரு தட்டில் இருந்தன. எனக்கும் ஒன்று எடுத்துக் குத்திக்கொண்டேன். அது பட்டின் ஜரிகையில் நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. கடைசியில் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் என்னை யாரோ ஒரு வக்கீலின் மனைவி என்றுதான் நினைத்தார்கள். பொன்னேரிக்காரர் ஒருவர் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே, "ஊட்டுக்காரரு இந்தக் கோர்ட்டுதானா?" என்று கேட்டார். நானும் வக்கீல்தான் என்றேன். "அப்படியா, சந்தோஷம்" என்றார், நம்பாமல். அடுத்தவரிடமும் சொன்னேன். அதற்கடுத்தவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் பெருமை பேசுவதாக நினைப்பார்களோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் நானே என்னை விட்டுக் கொடுப்பதாக ஒரு உறுத்தல்.

மதராஸ் வக்கீலின் கார் வந்தது. உயரமான, சாந்தமான மனிதர். நான் பன்னீர் தெளித்ததும் இரண்டு கையையும் கூப்பினார். என் சீனியர் என்னை அறிமுகம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாலையை யார் போடுவது என்ற அவசரத்தில் இருந்தார். கார் வந்தவுடனே நானும் உள்ளே போகலாம் என்று நினைத்தேன். "லேட்டா வர்றவங்க இருக்காங்கம்மா, கொஞ்சம் பாத்துக்க" என்றார்கள். திருத்தணி ரயில் தாமதம். மாஜிஸ்திரேட் வேறு வர வேண்டும். அவர் வரும்போது வாசலில் ஆள் இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காதாம்.

மாஜிஸ்திரேட் வந்தார். சந்தனம் எடுத்துக்கொண்டார். அவர் முன்னால் நான் வாரத்துக்கு இரண்டு நாளாவது நின்று பேசுகிறேன். பட்டுப் புடவையில் என்னை ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்தார். பிறகு தெரிந்து, சங்கடமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

வாசலிலிருந்து உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும். முதலில் வரவேற்புரை, பிறகு வாழ்த்துரைகள். மதராஸ் வக்கீல் எழுந்தவுடன் தொழிலின் மேன்மையைப் பற்றி ஆரம்பித்தார். தான் ஜூனியராக இருந்தபோது சீனியரின் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு டிராமில் போனது, ஒரு வெள்ளைக்கார நீதிபதி தன்னைப் பார்த்துச் சிரித்தது. நன்றாகத்தான் பேசினார். உள்ளே கைதட்டல் கேட்டது. எனக்குக் கால் வலித்தது.

எதிர்ச் சாரியில் டீக்கடை ஓரமாக அந்த வேப்பம்பட்டுப் பெண் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். வரச்சொல்லவில்லை. பெரிய வக்கீல் வருகிறார் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். வெளுத்த சேலையைத் தலையில் போர்த்திக்கொண்டு, நான் பார்த்ததும் கையை உயர்த்தினாள். நான் அவளிடம் போனேன். சாயந்திரம் ஆகும், வீட்டுக்குப் போ, நாளைக்குக் கோர்ட்டில் பார்க்கலாம் என்றேன்.

"பரவால்ல வக்கீலம்மா. ஊட்ல போயி இன்னா பண்ணப் போறேன்? இங்கயே குந்திக்கினு இருக்கேன். அவரு சொன்னதக் கேட்டுக்கினு போறேன்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ இன்னா வெளிய நிக்கிற?" என்றாள்.

உள்ளே போகத்தான் போகிறேன் என்றேன்.

உள்ளே போனபோது கேள்வி கேட்கும் முறையை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து நின்று கேட்கக்கூடாது. சீட்டில் எழுதி அவரவர் சீனியர் மூலமாக மேடைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் கோர்ட்டில் அது எழுதாத விதி. சீனியர் உட்கார்ந்திருக்கும்போது ஜூனியர் வாயைத் திறப்பதில்லை. நான் முன்பே சுருக்கமாக எழுதி வைத்திருந்த சீட்டை சீனியரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆகட்டும்" என்றார். உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தபோதே வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். என் கணவர் குழந்தையோடு வந்திருந்தார். வீட்டில் அழுது ஓயவில்லையாம், சொன்ன நேரத்துக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார்.

குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பால் கட்டியிருப்பதும் தெரிந்தது. ரவிக்கை நனைய ஆரம்பித்துவிட்டது. கோட்டு இருந்தால் மறைத்திருக்கும். பட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இடம் தேடினேன். மணமகன் அறையில் மாஜிஸ்திரேட்டின் ஆட்கள். மணமகள் அறையை மதராஸ் வக்கீல் ஓய்வெடுப்பதற்காகப் பூட்டி வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது சமையல்கட்டுக்குப் பக்கத்தில், அரிசி பருப்பு மூட்டைகள் வைக்கும் உக்கிராண அறை. பூசணிக்காய்களுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த அறையிலும் ஒலிபெருக்கி கேட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகியிருந்தது. நஷ்டஈட்டு வழக்கு எப்படி நடத்துவது, நிலத்தின் விலையை எப்படிக் கூட்டிக் காட்டுவது. அது கருத்தரங்கின் பொருளே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து வக்கீல்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து கேட்டார்கள். சீட்டுக்கூட இல்லாமல், நின்று, வாயால். அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. குழந்தை பாலை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்துத் திரும்பித் திரும்பிச் சிரித்தாள். நான் அவள் தலையைத் திருப்பித் திருப்பி வைத்தேன். சீக்கிரம் குடிம்மா, சீக்கிரம் குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குழந்தையை அவசரப்படுத்துகிறோமே என்று அதற்கும் மனசு அடித்துக்கொண்டது.

பிறகு ஒலிபெருக்கியில் "நூற்றி இருபத்தைந்து" என்று காதில் விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன். அதே நேரத்தில் சமையல்கட்டில் அண்டாவை இழுத்தார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வேறு யாரோ பேசினார். என் எதிர்தரப்பு வக்கீலின் குரல்தான். இலை போட்டாகிவிட்டது, ஐயா அவர்கள் மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம், முதல் பந்தி எழுந்திருக்கலாம் என்றார். நாற்காலிகள் நகர்ந்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் தொடரவில்லை. அவருக்குச் சாயந்திரம் மதராசில் வேறு ஒரு கூட்டம் இருந்ததாம். நன்றியுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, தேசிய கீதம். சீனியரிடம் போய் என் சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "அட, டைமே இல்லையேம்மா" என்றார். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குத் தொழில் கொடுத்தவர். அதனால்தான் அவரிடம் சண்டை போடாமல் வாசலுக்குத் திரும்பினேன்.

வழியனுப்புவதும் வரவேற்புக் குழுவின் வேலைதான். தாம்பூலப் பையும் பழத்தட்டும் என் கையில். குழந்தையை என் கணவர் வாசலில் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மதராஸ் வக்கீல் காரில் ஏறி உட்கார்ந்தார். தட்டைப் பின் சீட்டில் வைப்பதற்காக நான் குனிந்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை விட்டால் இல்லை என்று தெரிந்தது. டீக்கடை ஓரத்திலிருந்து அந்தப் பெண்ணும் ரோட்டைக் கடந்து காருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

வேகமாகக் கேட்டேன். ஒரு பெண்ணைப் புருஷன் பஞ்சாயத்தில் தீர்த்து விட்டுவிட்டான், புதிய சட்டம் வருவதற்கு முன்பு. ஜீவனாம்ச மனு பழைய சட்டப்படி நிலுவையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே நூற்றி இருபத்தைந்தில் புது மனு போடலாமா?

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்தக் கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது. என் பட்டுப் புடவையை, கலைந்த தலையை, நனைந்த முந்தானையைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் இருந்த என் கையை மெதுவாகத் தட்டினார்.

"சின்ன வயசும்மா உனக்கு. கோர்ட்டு, கேஸுன்னு அலையாத. பெரியவங்கள வெச்சுப் பேசி, கொஞ்சம் அனுசரிச்சுப் போ. ஆம்பளைங்க கோவம் ரொம்ப நாள் நிக்காது. நான் எவ்வளவோ பாத்துட்டேன்" என்றார். "கொழந்த இருக்கா?"

இருக்கிறது என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்புறம் என்னம்மா. எல்லாம் சரியாப் போயிடும்." கார் கிளம்பிவிட்டது.

நான் அங்கேயே நின்றேன். நான் வக்கீல், சார், என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காலையில் அதைப் பொன்னேரிக்காரரிடமெல்லாம் சொல்லிவிட்டு, தேவையான ஒரு ஆளிடம் சொல்ல வரவில்லை. பேட்ஜ் கைப்பைக்குள் இருந்தது.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் கேட்டாள், சட்ட பாஷையில் ஏதோ இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கு நேரத்துக்கு வந்துவிடு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக் கழற்றிக் கொடியில் வீசினேன். என் கணவர் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, ஆனால் யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவர்மேல் காட்டினேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வராம இருந்திருந்தா மட்டும் அவர் பதில் சொல்லியிருப்பாரா?" என்றார். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததே அப்போது எரிச்சலாக இருந்தது.

விளக்கு வைத்த பிறகு, சீனியர் ஆபீசில் எழுதிக்கொண்டு வந்த தாள்களை விரித்தேன். இரண்டு தடவை எழுதிய வரிகளோடு எல்லாம் அப்படியே இருந்தன. பழைய வழக்கைப் பழைய சட்டப்படி முடிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தது. புது வழக்கு போடக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. மனைவி என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்திலும், எப்போது விவாகரத்தானவள் என்று தேதி எதுவும் இல்லை. இதைத்தான் நான் முன்பே படித்திருந்தேன். பெரிய மனிதர் ஒருவர் வாயால் கேட்டால்தான் நிச்சயம் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். மனுவை எழுதினேன். எழுதி முடித்த பிறகும் தப்போ என்ற பயம் போகவில்லை. குழந்தை பக்கத்தில் தவழ்ந்து வந்து ஒரு தாளை இழுத்துக் கசக்கினாள். அந்தத் தாளை மறுபடி எழுதினேன்.

திங்கட்கிழமை வெள்ளைப் புடவையும் கோட்டுமாகப் போனேன். பழைய மனுவில் வாய்தா கேட்டுவிட்டு, புதிய மனுவைக் கொடுத்தேன். எதிர்தரப்பு வக்கீல் உடனே எழுந்தார். ஒரே விஷயத்துக்கு இரண்டு மனுவா, எங்கேயாவது உண்டா என்றார். நான் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். தேதி எதுவும் இல்லாத அந்த விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "நேத்து அவர் இதப் பத்தி ஏதோ ஆரம்பிச்சாரே. என்ன சொன்னார்?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

எதிர்தரப்பு வக்கீல் தயங்கினார். சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டதாகச் சொன்னார். நான் உக்கிராண அறையில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. "அந்தப் பகுதியை அவர் முடிக்கவில்லை, சார்" என்றேன்.

மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்து அடங்கியது. நேற்று முழுவதும் ஒரே மண்டபத்தில் இருந்தோம், மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவர் நான் நீட்டிய தாள்களை வாங்கி, எங்கள் முன்னாலேயே மெதுவாகப் படித்தார். பிறகு புதிய மனுவுக்கு எண் கொடுத்து, எளாவூர் விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்த லாரி டிரைவர் நோட்டீஸ் வாங்காமல் கல்கத்தா ரோட்டில் ஓடிக்கொண்டே இருந்தான். வாய்தாவுக்கு மேல் வாய்தா. மழைக்காலம் வந்து மில் களத்தை மூடிவிட்டார்கள். அவள் இளைத்துவிட்டாள். ஒவ்வொரு வாய்தாவிலும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். கடைசியில் பழைய மனு தள்ளுபடியானது. புதிய மனுவில் அவளுக்கு ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவானது, அந்தத் திங்கட்கிழமையிலிருந்து. அதற்கு முந்திய மாதங்களுக்கு ஒன்றும் கிடையாது. கருத்தரங்குக்குக் காத்திராமல் இருந்திருந்தால் அந்த மாதங்களில் கொஞ்சமாவது சேர்ந்திருக்கும். இதை யாரிடம் போய்க் கேட்பது? சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் கருத்தரங்கு மிகச் சிறப்பாக நடந்தது என்று எழுதியிருந்தார்கள். போண்டா நன்றாக இருந்ததாகப் பொன்னேரிக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கருத்தரங்குகள் அதன் பிறகும் நடந்தன. அடுத்த தடவையும் வரவேற்புக் குழு என்று எழுதி என் பெயரைப் போட்டார்கள். கோட்டோடு வந்து உள்ளே உட்காருவேன் என்றேன். "அப்ப பன்னீர யாரு தெளிக்கிறது?" என்று சீனியர் உண்மையான கவலையோடு கேட்டார். எனக்குத் தெரியாது, சார், என்றேன். அன்று ராத்திரி வரை, மரியாதைக் குறைவாகச் சொல்லிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உத்தரவான அன்றைக்கு நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் அவளிடம் விஷயத்தை விளக்கினேன். மாதா மாதம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மறுபடி வா, வாரண்ட் கேட்கலாம் என்றேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படியில் இரண்டு அடி இறங்கினவள் திரும்பினாள்.

"இன்னா வக்கீலம்மா, அந்தப் பெரியவரு சொன்னா மாதிரி ஊட்டுக்காரரோட அனுசரிச்சுக்கினு போறியா?" என்றாள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

போகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அத்தனை மாதங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கார் ஜன்னலில் அவர் என் கையைத் தட்டியது ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "உடு, உடு" என்று கையை ஆட்டிக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.